நிலத்திலே படிக்கும் படிப்பு

பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகளைக் காட்டுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்வது படிப்பாகுமா? அவுஸ்திரேலியப் பூர்வீகக் குடிகளைப் பற்றிப் பேசும்போது எம்மவர் சிலர் எழுப்பும் கேள்வி இது. கல்வி ஒன்றையே சொத்தாகக் கொண்டு இந்நாட்டுக்கு வந்தவர்கள் நாம். ஆகவே இதனை நிதானமாக ஆராய்தல் நன்று.

வட பிராந்தியத்தின் ஆர்னம் லாண்ட் பகுதியிலே 2013 ஆம் ஆண்டு 'நிலத்திற் கற்றல்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பாடசாலைகளும் உள்ளூர் றேஞ்சர்களும் மூத்தோரும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. மாணவர்கள் கரையொதுங்கும் வலைகளையும் பிளாஸ்டிக்கையும் சேகரித்து எண்ணிப் பதிகிறார்கள். எந்த மரம் பூத்தால் கடலில் எது கொழுத்திருக்கும் என்பதை மூத்தோரிடம் கேட்டறிகிறார்கள். இதிலே விஞ்ஞானமும் உண்டு, கணக்கும் உண்டு, தாய்மொழியும் உண்டு.

ஆங்கிலமும் கணிதமும் இல்லாமல் வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வியே. அதை அம்மக்களும் மறுக்கவில்லை. 1990 இல் யிர்க்கலாப் பாடசாலையின் அதிபரான டாக்டர் எம். யுனுபிங்கு போன்றோர் வேண்டியது இருவழிக் கல்வி. உப்புநீரும் நன்னீரும் சந்திப்பதை யோல்ங்கு மக்கள் 'கன்மா' என்பர். ஒன்று மற்றதை விழுங்காமல் இரண்டும் கலக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் 2008 இல் வட பிராந்திய அரசு, பாடசாலையின் முதல் நான்கு மணித்தியாலமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென அறிவித்தது. ஒரு மொழிக் கட்டளை பிள்ளைகளை என்ன செய்யும் என்பதை, 1956 ஐ அறிந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

கணக்காளன் என்ற முறையில் இன்னொன்று சொல்வேன். மேற்கு ஆர்னம் லாண்ட் மக்கள் வரட்சிக் காலத் தொடக்கத்திலேயே புல்லைச் சிறுசிறு பகுதிகளாக எரிப்பர். பின்னர் வரும் பெருந்தீ அதனால் தடைப்படும். இதனாற் குறையும் புகைக்கு 2006 முதல் ஓர் எரிவாயு நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்கியது. வருமானம் நல்லதே. ஆனால் வரவு காட்டும் அறிவே அறிவு என்றால், தேவாரமும் மிருதங்கமும் பேரேட்டில் எந்தப் பக்கம் வரும்? சனிக்கிழமைகளில் எம் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும்போது நாம் இலாபம் பார்ப்பதில்லை. தாம் யார் என்று அறியட்டும் என்றே அனுப்புகிறோம். எமக்கு நியாயமாகத் தோன்றுவது அவர்களுக்கும் நியாயமே.

ஒரு வேற்றுமையும் உண்டு. நாம் எம் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு இங்கு வந்தோம். அவர்களின் பிள்ளைகளையோ அரசுகள் பல தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்தன. 1997 இல் வெளியான விசாரணை அறிக்கை அதனைப் பதிவுசெய்தது. 2008 இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அறுந்த தொடர்பை மூத்தோர் மீண்டும் முடிந்து கொண்டிருக்கையில், அதை வீண்பொழுது என்று நாம் சொல்லலாமா?

எமது தமிழ் வகுப்பிலே ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். எமது கோவில் நிற்கும் நிலம் எக்குடிக்கு உரியது, அவர்கள் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவோம். இயன்றால் அவர்களில் ஒரு பெரியவரை அழைத்து அவர் வாயாலேயே கேட்போம். புகலிடம் பெற்றவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை அது.