மௌனம் சம்மதமா?

1765இல் ஜான் பின்னி என்ற இளைஞர் கரீபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். (சென்னையில் மில் நடத்திய பின்னி கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கரும்புத் தோட்டம் ஒன்று வாரிசுச் சொத்தாக அவருக்கு வந்திருந்தது. வேலைக்கு அடிமைகளை வாங்கினார். மனித உடல்கள் விலைக்கு நிற்பதை முதன்முதலாகப் பார்த்து அதிர்ந்துபோனதை மறைக்காமல் எழுதுகிறார். உடனே மனதைத் தேற்றிக்கொள்ளவும் செய்கிறார்: இவர்களை நம் பயனுக்காகவே கடவுள் விதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தம் விருப்பத்தை ஏதாவது ஓர் அடையாளத்தால் காட்டியிருப்பாரே!

அதே வருடம் அவர் வாங்கியவர்களில் பெரோ என்ற பையனும் இருந்தான். வயது பன்னிரண்டு இருக்கலாம். கூடவே அவனுடைய சகோதரிகள் நான்சியும் ஷீபாவும்.

தணிக்கை வேலையிலேயே காலத்தைக் கழித்த எனக்குப் பின்னியின் வாதம் பழக்கமானது. கம்பெனிக்குப் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடிதம் போடுவோம்: ‘உங்கள் பெயரில் இவ்வளவு நிலுவை, இன்ன தேதிக்குள் மறுப்பு வராவிட்டால் சரியென்று எடுத்துக்கொள்வோம்.’ சாட்சியங்களிலேயே நோஞ்சான் சாட்சியம் இதுதான். கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தாலும் அந்த ஆளால் வாய் திறந்து மறுக்க முடியுமா என்று பார்க்காமல் டிக் போட்டால், ஃபைல் திரும்பி வந்துவிடும். பின்னி கணக்கில் சூரர். அவருடைய கணக்குப் புத்தகங்களும் கடித நகல்களும் இன்றும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அப்பேர்ப்பட்டவர் கடவுள் விஷயத்தில் மட்டும் பதில் வராத கடிதத்தை வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

அந்தக் கரும்பு கட்டிய வீடு பிரிஸ்டலில் கிரேட் ஜார்ஜ் தெருவில் ஏழாம் எண். இப்போது அருங்காட்சியகம். 1783இல் தீவை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வந்த பின்னி, சர்க்கரை வணிகராக பிரிஸ்டலில் நிலைகொண்டு, 1790ஐ ஒட்டி இதைக் கட்டி முடித்தார். வடிவமைத்தவர் வில்லியம் பேட்டி. தெரு மேட்டில் ஏறுகிறது. முகப்பு ஆடம்பரமில்லாத கல். உள்ளே தரைத்தளத்தில் பின்னியின் அலுவல் அறையும் சாப்பாட்டு அறையும், அதற்கு மேல் விருந்தினரை உட்காரவைக்கும் கூடங்கள், அதற்கும் மேல் படுக்கையறைகள். சமையலறை, துணி துவைக்கும் இடம், வீட்டு நிர்வாகப் பெண்மணியின் அறை எல்லாம் அடித்தளத்தில். புகையும் வியர்வையும் கீழே, வெளிச்சமும் பேச்சும் மேலே. அந்தக் காலத்து ஆங்கில நகர வீட்டின் இலக்கணமே அதுதான்.

வீடு அழகு. சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஜன்னலுக்கும் சுவருக்கும் உள்ள அளவுப் பொருத்தம் கண்ணைக் குளிர்விக்கிறது. கட்டியவரின் பாவத்துக்காக ஒரு கல்கூடக் கோணவில்லை. எனக்குச் சங்கடம் தந்ததும் அதுதான். எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாகச் சொல்கிற வீட்டுக்குள் தினமும் எழுந்து நடமாடுகிறவருக்கு, மனிதர்களும் அப்படியே அவரவர் இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நம்ப எவ்வளவு நேரமாகும்?

அடித்தளத்தில் ஒரு குளியல் தொட்டி இருக்கிறது. கல்லால் ஆனது, ஆள் இறங்கி முங்கும் ஆழம். குளிர்ந்த நீரில் முங்கி எழுந்தால் உடம்புக்கு நல்லது என்று நம்பிய காலம் அது. வீட்டில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். பெரோ அதற்குள் நடுவயதை எட்டிவிட்டார்; பின்னியின் அந்தரங்கப் பணியாளாகக் கடல் தாண்டி இங்கே வந்திருந்தார். துண்டோடு அந்தத் தொட்டியின் ஓரத்தில் அவர் நின்றிருப்பார் என்று ஊகித்தால் தவறில்லை. கடவுளிடம் அடையாளம் கேட்ட மனிதர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் முதலில் தெரிகிற முகம் அது.

இதற்கிடையில் ஊரே அடையாளங்களால் நிரம்பிக்கொண்டிருந்தது. 1787இல் அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சன் பிரிஸ்டல் துறைமுகத்துச் சாராயக் கடைகளில் மாலுமிகளிடம் அடிமைக் கப்பல்களைப் பற்றிச் சாட்சியம் திரட்டினார். 1788 மார்ச்சில் மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி இதே ஊரில் அடிமைத்தனத்தை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார். பாதியில் ஏதோ பெருஞ்சத்தம். கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிதறியது, பெஞ்சுகள் உடைந்தன, சில நிமிடங்களில் எல்லாம் அடங்கியது. பின்னி கேட்ட மாதிரியே ஓர் அடையாளம்! வெஸ்லியோ, தன் ராஜ்யம் பறிபோகிறதே என்று சாத்தான் செய்த கலாட்டா என எடுத்துக்கொண்டார். அடிமை வணிகர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் கடவுள் வெஸ்லியின் வாயை அடைக்கிறார் என்று சந்தோஷப்பட்டிருப்பார். ஆகவே இடி முழங்கியிருந்தாலும் பின்னி மாறியிருப்பார் என்று நான் நம்பவில்லை. பூக்கட்டிப் பார்க்கிற பாட்டிகூடச் சாமி முன்னால் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு பொட்டலம் போடுவாள். பின்னி போட்டது ஒரே பொட்டலம்.

மனிதருக்குக் கொடுப்பது கடவுளுக்குப் போய்ச் சேரும் என்று திருமூலர் சொல்வதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். கேள்விக்கும் அதே விலாசம்தான் என்பது என் எண்ணம். கடிதத்தைப் பெரோவுக்குப் போட்டிருக்க வேண்டும். பெரோ முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து, விடுதலை பெறாமலே 1798இல் இறந்தார். பிரிஸ்டல் துறைமுகத்தில் 1999இல் கட்டிய நடைபாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1795இல் இந்த வீட்டில் சில வாரம் தங்கினார் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். பின்னியின் மகன்கள் டார்செட்டிலிருந்த குடும்ப வீட்டையும் வாடகையில்லாமல் அவருக்குக் கொடுத்தார்கள். ஆங்கிலக் கவிதையும் சர்க்கரைப் பணத்தில் கொஞ்ச காலம் குடியிருந்திருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுகிறவர் ஃபேனி கோக்கர். தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, 1778இல் விடுதலை பெற்று, தையல் கற்று, திருமதி பின்னியின் பணிப்பெண்ணாக இங்கே வந்தவர். பின்னி யாரிடம் அடையாளம் கேட்டாரோ அதே கடவுளைத் தேடி ஃபேனி பிராட்மீட் பாப்டிஸ்ட் சபைக்குப் போனார். 1820இல் இறந்தபோது பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்துக்கு 5 பவுண்டு எழுதிவைத்திருந்தார். பணிப்பெண்ணுக்கு அது சின்னத் தொகையல்ல. அந்தச் சங்கம் ஜமைக்காவிலும் சபைகள் நடத்தியது. அங்கே அடிமையாக இருந்த சாம் ஷார்ப், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன், பைபிளைத் தானே படித்து வேறொரு பதிலைக் கண்டுபிடித்தார். 1831 கிறிஸ்துமஸை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். அது கலகமாக வெடித்தது. அடுத்த வருடம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள்.

1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அத்தனையும் உடைமையாளர்களுக்கு, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. பெற்றவர்கள் பட்டியலில் பின்னியின் மகன் சார்லஸும் இருக்கிறார்.