கரையில் விருந்தளிப்பவர் யார்?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழந்தமிழ்ப் பொருள். முன்பின் அறியாத நிலையில் புதிதாக வந்தவரே விருந்தினர். உற்றாரும் உறவினரும் அச்சொல்லில் அடங்கார். அவ்வாறாயின், நம் உறவினரையும் நண்பரையும் நாமே அழைத்துச் சென்று, நாம் சமைத்ததை நாமே உண்டு திரும்பும் கடற்கரை விருந்துக்கு என்ன பெயரிடுவது? அங்கே விருந்தளிப்பவர் யார்? விருந்தினர் யார்? சென்ற கோடையில் இவ்வினா எங்களை எதிர்கொண்டது.

விழுப்புரமும் திண்டிவனமும் புகைவண்டியாலும் நெடுஞ்சாலையாலும் அறியப்பட்ட உள்நாட்டு ஊர்கள். ஆயினும் இம்மாவட்டத்திற்கும் ஒரு கடல் உண்டு. திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். இரண்டு ஊர்களிலிருந்தும் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்றோம். கடலையே விருந்தின் கோலமாக்க இளைஞர்கள் விரும்பினர். கடையில் வாங்கிய புது வலையைக் கழிகளில் கட்டித் தோரணமாக்கினர். சிப்பிகளை வரிசையாக அடுக்கினர். அட்டையில் தோணி செய்து நிறுத்தினர். சமுக்காளம் விரித்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறினோம். ஒரு குறையுமில்லை என்றே எண்ணினோம்.

சற்றுத் தொலைவில் மூதாட்டி ஒருவர் கருவாடு உலர்த்திக் காகம் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்திறங்கியபோது தம் பாய்களை இழுத்துப் போட்டு எங்களுக்கு இடம் ஒதுக்கியவர் அவரே. உண்டு முடித்தபின், மீந்த சோற்றை ஒரு பாத்திரத்தில் இட்டு அவருக்குக் கொடுத்தனுப்பினோம். அறம் செய்துவிட்ட நிறைவு எங்களுக்கு. புறப்படும் வேளையில் அவர் வந்தார். பாத்திரம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இரண்டு கைப்பிடி கருவாடு. "வெறும் பாத்திரத்தை எப்படித் தர்றது? எடுத்துக்கிட்டுப் போங்க, புள்ளைங்களுக்கு ஆகும்" என்றார். தோரணத்தைப் பார்த்து, "புது வலையாட்டம் இருக்குதே, இதை எதுக்கு வாங்கினீங்க?" என்றும் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பழைய நூல் நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணருக்கு வழி காட்டும் நூல். நல்லூர் நத்தத்தனார் பாடியது. அவ்வழி கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூரையும் ஆமூரையும் கடந்து, கிடங்கிலைச் சேர்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனம் நகரோடு ஒன்றிவிட்டது. அதாவது, நாம் வந்த சாலையே அது, திசைதான் வேறு. அன்று முன்பின் அறியாத பாணருக்கு அக்கரையில் வாழ்ந்த பரதவர் சுட்ட மீன் தந்து உபசரித்தனர். அவ்விருந்தில் மதுவும் இருந்தது. அது நமக்கு உரியதன்று. ஆனால் வறிய வழிப்போக்கரை உண்பித்த அந்த உள்ளம் நமக்கும் உரியதன்றோ? அன்று கரை, வந்தவரை விருந்தினராக ஏற்றது. இன்று வந்தவராகிய நாம், கரையில் வாழ்பவரைக் காணவும் மறந்தோம்.

"கடற்கரை பொது இடம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எவருக்கும் தீங்கு செய்யவுமில்லை" என்று நம்மில் சிலர் வாதிடலாம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கடலையும் காற்றையும் தனியுடைமையாக்குவோரை நாமும் வெறுக்கிறோம். ஆயின், பொது என்பதற்கு ஆளற்றது என்று பொருள் கொள்ளலாகாது. நாம் ஒரு பகல் அமர்ந்த மணல், அவர்களுக்கு வலை செப்பனிடும் கூடம். மீன் உலர்த்தும் களம். படகு ஏற்றும் துறை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை சீறி வந்து மோதியதும் இக்கடற்கரையின் மீதுதான். அந்த நினைவோடும் அவர்கள் இங்கேதான் வாழ்கிறார்கள். ஓர் இடத்தில் நுழையும் உரிமை, அவ்விடத்தில் விருந்தினராக நடந்துகொள்ளும் கடமையை நீக்கிவிடுவதில்லை.

நாம் செல்லும் காலத்தையும் எண்ணிப் பார்ப்போம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்பதால், கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நாட்டுப் படகுகளுக்கு மட்டுமே விலக்கு. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வரும் அதே வாரங்கள், படகுத் தொழிலாளர் பலருக்கு வருவாய் நின்ற வாரங்கள். அப்போது சென்று, மீன் விலை அதிகம் என்று நாம் பேரம் பேசுகிறோம். மரக்காணத்து உப்பளங்களும் அவ்வாறே. நாம் வெயிலுக்கு அஞ்சிக் கடலை நாடும் மாதங்களே, பாத்திகளில் உப்பு விளைந்து கண்ணைக் கூசும் மாதங்கள். நம் ஓய்வும் பிறர் உழைப்பும் ஒரே வெயிலில் நிகழ்கின்றன. நம் சோற்றில் இட்ட உப்பும் அவ்வெயிலின் விளைச்சல்தான்.

கரைக்கு வரும் வேறு விருந்தினரும் உளர். பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் இக்கடற்கரை மணலில் முட்டையிடுகின்றன. ஏறக்குறைய ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, கடலின் மெல்லொளியை நோக்கி ஊர்கின்றன. கரையில் நாம் மூட்டும் தீயும் ஏற்றும் விளக்கும் அவற்றைத் திசை மாற்றிவிடும். நாம் எறிந்த பிளாஸ்டிக் பையும் உடைந்த கண்ணாடியும், வெறுங்காலுடன் வலை இழுப்போரின் வழியில் கிடக்கும். வழியிலுள்ள இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, இடையூறை இட்டுவிட்டு வருவதை என்னவென்பது?

இவற்றால் நாம் கடற்கரைக்குச் செல்வதே தவறென்று கூறவில்லை. பிள்ளைகள் அலையில் கால் நனைக்கட்டும். முதியோர் காற்று வாங்கட்டும். ஆனால் மிச்சத்தைக் கொடுப்பது வேறு; முதலிலேயே அழைப்பது வேறு. முன்னது கொடை, பின்னதே விருந்து. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பலர் கைநனைக்கும் வழக்கத்தை நம் முன்னோர் போற்றியது, உண்போருக்கிடையே மேல் கீழ் இல்லையென்று உணர்த்தத்தானே? அந்த மூதாட்டியை நாங்கள் சமுக்காளத்தில் அமர்த்தியிருக்க வேண்டும். நாங்களோ பாத்திரத்தை அனுப்பினோம். அவரோ அதை நிறைத்து அனுப்பினார். அன்று அக்கரையில் விருந்தளித்தவர் அவர், நாங்கள் அல்லர்.

வரும் கோடையில் மீண்டும் செல்ல எண்ணியுள்ளோம். வலைத் தோரணம் கட்டப் போவதில்லை. பரண்மேல் கிடக்கும் அப்புது வலையை அவர் கையில் ஒப்படைத்து, உலை வைக்கும் முன்பே அவரை உண்ண அழைப்போம். அவர் வரச் சம்மதித்தால், அது அவர் நமக்கு அளிக்கும் இரண்டாவது விருந்தாகும்.