பாதிப் பரிசு

ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைக்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் அப்போது ஏழு கோடி ரூபாய்க்கும் மேல். அறிவிப்பு வந்த சூட்டோடு, ‘இதில் பாதி எனக்கு வேண்டாம். என்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். இவரை என்னவென்று சொல்வீர்கள்? பெரிய மனசுக்காரர்? பிழைக்கத் தெரியாதவர்?

கதை இல்லை, நடந்தது. மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி கிராமத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தவர் ரஞ்சித்சிங் திசாலே. 2009-ல் அவர் வேலைக்குப் போனபோது பள்ளிக்கூடம் என்று இருந்தது, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாழடைந்த கட்டடம். பாடப்புத்தகமோ பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மொழியில் இல்லை. மனுஷன் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு பாடங்களை மொழிபெயர்த்தார். புத்தகத்தில் க்யூஆர் கோடு வைத்து, செல்போனைக் காட்டினால் பாட்டும் வீடியோவும் வருகிற மாதிரி செய்தார். வார்க்கி அறக்கட்டளை 2014-ல் தொடங்கிய உலக ஆசிரியர் பரிசு, 2020 டிசம்பர் 3-ம் தேதி அவருக்குக் கிடைத்தது. 140-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 12,000-க்கும் அதிகமான பெயர்களில் ஒரு பெயர் அவருடையது.

சமீபத்தில் ராஜபாளையம் போயிருந்தபோது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. நண்பர் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்பவர். எதையும் முழம் போட்டுத்தான் பேசுவார்.

“ஏம்ப்பா, ஓட்டப்பந்தயத்துல தங்கம் வாங்குனவன் மெடலை வெட்டியா குடுக்கான்? பாதியைத் திருப்பிக் குடுத்தா, தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு அது அவமரியாதை இல்லையா?”

நியாயமான கேள்விதான். திறமைக்குப் பரிசு என்றால் அது முழுசாகத் திறமைசாலிக்குத்தானே? விவாதம் முடிகிற மாதிரி தெரியவில்லை. “எங்க வாத்தியாரையே கேட்ருவோம்” என்றார் நண்பர். அவருக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர், சில வருடங்களுக்கு முன் ரிட்டயர் ஆகி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பஸ் ஏறினால் அரைமணி நேரம்.

1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிற ஊர் அது. சாரை அங்கேதான் பிடித்தோம். வெளியே வந்து நின்று, நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

“பணத்தைப் பங்கு போட்டுட்டாரு, சரி. பேரைப் பங்கு போட முடியுமா தம்பி? அந்த ஒன்பது பேர்ல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாப்போம்.”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

அப்புறம் தேடிப் பார்த்தேன். மலேசியாவில் ஓராங் அஸ்லி பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் ஐசாயா. பிரேசிலில் காது கேளாத குழந்தைகளுக்காகச் சைகை மொழியில் கற்பித்த டோவானி பெர்ட்டான். இப்படி ஒன்பது பேர், ஒன்பது நாடு. காது கேளாத குழந்தைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது பெரிதா, காட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது பெரிதா? ஓட்டப்பந்தயத்துக்கு ஸ்டாப் வாட்ச் உண்டு. இதற்கு எந்த வாட்ச்? பத்துப் பேரில் முதல் ஆள் யார் என்பது கமிட்டியின் முடிவுதானே தவிர, அளந்து கண்ட உண்மை இல்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது தானமாகப் படவில்லை. கணக்கை நேர் செய்ததாகத்தான் படுகிறது. பத்துப் பேர் பாடுபட்ட வரவை ஒருத்தர் பெயரில் எழுதினால் ஆடிட்டர் கேட்பாரா, மாட்டாரா? திசாலே ஆடிட்டர் வருவதற்கு முன்பே தானாக எழுதித் திருத்திக்கொண்டார்.

ஆனால், பரிசு வந்ததோடு எல்லாம் சுபம் என்றும் இல்லை. 2022-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போக அவர் லீவு கேட்டபோது, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அது சிக்கலானது. மாநிலக் கல்வி அமைச்சர் தலையிட்ட பிறகுதான் தீர்ந்தது. உலகமே கொண்டாடுகிற ஆளுக்கு லீவு இல்லையா என்று நமக்குக் கோபம் வரும். சாருக்கு வரவில்லை.

“பரிசு வாங்குன வாத்தியார் ஊர் ஊராப் போனா பெருமைதான். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு யாரு தம்பி ‘அ’ எழுதிக் குடுக்கிறது? ஆபீஸ்காரன் கேட்டாலும் கேக்காட்டியும் அந்தக் கேள்வி இருக்கத்தானே செய்யுது?”

“சரி சார், நீங்க ஏன் நல்லாசிரியர் விருது வாங்கல?” என்று கேட்டேன்.

“அதுக்கு அப்ளை பண்ணணுமே! நான் நல்ல வாத்தியார், காரணம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நானே எழுதணும். ரெண்டு தடவை உக்காந்தேன். ரெண்டு தடவையும் பக்கத்துல பரீட்சைப் பேப்பர் கெடந்துச்சு. அதைத் திருத்தப் போயிட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேசிய விருதுக்கே 2018 முதல் ஆசிரியர்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். சிபாரிசு தேவையில்லை என்ற வகையில் நல்ல ஏற்பாடுதான். ஆனால், தன்னைப் பற்றி எழுதத் தெரிந்தவருக்கும் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கும் எல்லா நேரமும் ஒரே முகம் இருக்காதே? “அப்ப தப்பு உங்க மேலதான் சார்” என்றார் நண்பர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் நல்ல வாத்தியார் என்பதற்கு யார் சாட்சி? அவர் சாட்சி இல்லை. கமிட்டியும் இல்லை. அவரிடம் படித்தவன்தான் சாட்சி. நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் நாற்பது சாட்சி. அத்தனை பேரும் வேலை, வியாபாரம், இ.எம்.ஐ. என்று போய்விட்டோம். யாருக்கு விருது கொடுப்பது என்ற பாரத்தை முன்பின் தெரியாத ஒரு கமிட்டியின் தலையில் வைத்துவிட்டு, கொடுத்த பிறகு ‘இவருக்கா?’ என்று டீக்கடையில் விமர்சனமும் செய்கிறோம்.

அரசாங்கக் கணக்கில் பள்ளிக் கட்டடம் மூலதனச் செலவு. பல வருஷத்துக்குப் பயன் தரும் என்று அர்த்தம். வாத்தியார் சம்பளம் அந்தந்த வருஷத்தோடு தீர்ந்துபோகிற செலவு. கட்டடம் வருஷா வருஷம் தேயும். அந்தச் சம்பளத்தில் உருவானவர்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நாம் வாய் திறக்காவிட்டால் அந்தச் சொத்து எந்த ஏட்டிலும் ஏறாது.

திசாலே செய்தது அதைத்தான். கூட நின்ற ஒன்பது பேரின் உழைப்புக்கு சாட்சி சொன்னார். ஆளுக்குச் சுமார் 55,000 டாலர் என்பது அந்த சாட்சியத்தின் ரசீது, அவ்வளவுதான். ஆனால், அவராலும் பட்டியலுக்குள் வந்தவர்களுக்குத்தான் சாட்சி சொல்ல முடிந்தது. பட்டியலுக்கே வராதவர்களுக்கு யார் சொல்வது?

உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரைப் பற்றி நாலு வரி எழுதி ஹெட்மாஸ்டருக்குக் கொடுக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். அவரே எழுதட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அவருக்குத் திருத்த வேண்டிய பேப்பர் நிறைய இருக்கிறது.