குடத்திற்கு வேறு பெயர் உண்டா?

இறைநெறியில் பிறழாத உறுதியை நிஷ்டை என்று நம் சாஸ்திரங்கள் கூறுகின்றன. வாழ்க்கை இனிதாகச் செல்லும் நாட்களில் இந்த நிஷ்டை நம்மிடம் இருக்கிறதா என்பது நமக்கே தெரிவதில்லை. பூஜையறையில் அமர்ந்திருக்கும் பக்தரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தண்டிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர் எதிரே அமர்ந்து 'நீ யார்?' என்று கேட்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. அத்தகைய கேள்விக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில் விடையளித்தவர் பெர்பெத்துவா என்ற கிறிஸ்தவப் பெண்மணி.

கி.பி. 203-ஆம் ஆண்டு. இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கார்த்தேஜ் நகரம் அப்போது ரோமானியப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. உயர்குடியில் பிறந்து நற்கல்வி பெற்ற பெர்பெத்துவா, ஞானஸ்நானம் பெறுவதற்காகத் தம்மைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, வேறு சிலருடன் கைது செய்யப்பட்டார். அவர்களுள் பெலிசித்தா என்ற கர்ப்பிணியான அடிமைப்பெண்ணும் ஒருவர். பெர்பெத்துவாவின் மடியிலோ பால்குடி மறவாத ஆண் குழந்தை. சிறையிலிருந்தபடியே அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

அவரை முதலில் சோதித்தவர் நீதிபதி அல்லர்; அவரது தந்தையே. மகள்மீது கொண்ட பாசத்தால் அவளது மனத்தை மாற்ற அவர் முயன்றார். அங்கிருந்த ஒரு பாத்திரத்தைச் சுட்டிக்காட்டிய பெர்பெத்துவா, அதை அதன் பெயரன்றி வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் தந்தை. அதுபோலவே தாமும் தம்மைக் கிறிஸ்தவள் என்றன்றி வேறுவிதமாகச் சொல்லிக்கொள்ள இயலாது என்று மகள் விடையளித்தார்.

மண்பாண்ட உவமை வேதாந்த மாணவர்களுக்குப் புதியதன்று. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் என்ற தந்தை, சுவேதகேது என்ற மகனுக்கு, பாண்டங்கள் பெயரளவே, மண்ணே உண்மை என்று உபதேசிக்கிறார். இங்கே மகள் தந்தைக்குக் கூறுகிறாள். அவளோ பெயரையே பற்றி நிற்கிறாள். இவை முரண்பட்டவை போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால் அப்படியில்லை. பெர்பெத்துவா பெயர் என்று கூறியது மேலே ஒட்டப்பட்ட அடையாளத்தை அன்று; தம்முள் நிறைந்திருந்த மெய்ப்பொருளோடு தமக்கிருந்த உறவை. அச்சத்தால் பெயரை மாற்றிச் சொன்னால் உள்ளிருக்கும் பொருள் மாறிவிடாது. சொன்னவரின் வாக்கு மட்டுமே பொய்யாகும்.

விசாரணை நாள் வந்தது. நடுவராக அமர்ந்தவர் ஹிலாரியானுஸ். கைக்குழந்தையுடன் வந்து நின்ற தந்தை, அதன்மீதாவது இரக்கம் கொள்ளுமாறு மன்றாடினார். தந்தையின் நரைத்த தலையையும் குழந்தையையும் எண்ணிப் பார்த்து, பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்துமாறு நடுவரும் கூறினார். பெர்பெத்துவா மறுத்தார். கிறிஸ்தவளா என்ற கேள்விக்கு ஆம் என்று மட்டும் விடையளித்தார்.

'உள்ளத்தில் நம்பிக்கையை வைத்துக்கொண்டு, வெளியே ஒரு சடங்கைச் செய்துவிட்டுப் போனால் என்ன?' என்று கேட்பவர் உண்டு. மனமும் வாயும் ஒன்றாக வேண்டும் என்பது ஸ்ரீராமகிருஷ்ணர் வலியுறுத்திய சாதனை. அவ்விரண்டுக்கும் இடையே ஒருமுறை சுவர் எழுப்பப் பழகிய மனம், நாளை சிறிய அச்சத்திற்கும் அதையே செய்யும்.

இவ்வுறுதி அவரது இதயத்தைக் கல்லாக்கிவிடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. விடாது மன்றாடிய தந்தையை நடுவரின் ஆணைப்படி பிரம்பால் அடித்தனர். அந்த அடி தம்மீதே விழுந்ததுபோல் பெர்பெத்துவா வருந்தினார். பிரகலாதனின் தந்தை மகனைக் கொல்லத் துணிந்தவன். அத்தகைய தந்தையை மறுப்பதுகூட ஒருவகையில் எளிது. மகளின் கைகளை முத்தமிட்டுக் காலடியில் விழும் தந்தையின் முன் நிலைகுலையாமல் இருப்பதோ மிகக் கடினம். அந்தத் துயரத்தை அவர் மறைக்கவுமில்லை, அதற்குப் பணியவுமில்லை.

அனைவரையும் கொடிய விலங்குகளுக்கு இரையாக்கத் தீர்ப்பாயிற்று. பெலிசித்தா சிறையில் ஒரு பெண் மகவை ஈன்றார். மார்ச் 7 அன்று அவர்கள் அரங்கிற்குள் நடந்து சென்றனர். பிற தெய்வங்களின் பூசாரிகளுக்குரிய உடையை அணியுமாறு கட்டாயப்படுத்தியபோது, இதைத் தவிர்க்கவே உயிரைத் தருகிறோம் என்று பெர்பெத்துவா வாதிட, அதிகாரியும் இணங்கினார். வெறிகொண்ட பசுவால் வீழ்த்தப்பட்ட நிலையிலும் எழுந்து, கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கினார். சீமாட்டியும் அடிமையும் அங்கே அருகருகே நின்றனர். விசுவாசத்தில் நிலைத்திருங்கள், ஒருவரையொருவர் நேசியுங்கள் என்பதே உடனிருந்தோருக்கு அவர் விடுத்த இறுதி வேண்டுகோள். இறுதியில் வாளேந்திய இளவீரனின் கை நடுங்கியது; அவரே அதைப் பிடித்துத் தம் கழுத்துக்கு வழிகாட்டினார்.

நிஷ்டைக்கும் வெறிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. வெறியன் தன் நம்பிக்கைக்கான விலையைப் பிறரது உடலிலிருந்து வசூலிக்கிறான். நிஷ்டையுடையவர் அதைத் தாமே செலுத்துகிறார். பெர்பெத்துவா யாரையும் சபிக்கவில்லை. அவர்களது சிறைக்காவலரே பின்னர் அந்நெறியை ஏற்றார் என்றால், அவரை வென்றது வாதமன்று. அன்புடன் கூடிய அஞ்சாமையே.

1874-ஆம் ஆண்டில் கிறிஸ்துவைத் தியானித்து அவரது தரிசனம் பெற்ற ஸ்ரீராமகிருஷ்ணர், தம் அன்னை காளியிடம் கொண்ட பக்தியில் சிறிதும் குறைந்தாரில்லை. தன் இஷ்டதெய்வத்தில் ஆழ வேரூன்றியவரே பிறரது இஷ்டத்தையும் வணங்க வல்லவர். எனவே இப்புனிதையின் வரலாறு எந்நெறியில் நிற்கும் சாதகருக்கும் உரியது.

நம்மை எந்த நடுவரும் அழைக்காமல் போகலாம். ஆயினும் அலுவலகத்தில், சபைகளில், நண்பர்களின் கேலிக்கிடையே, சிறு லாபத்தின் முன்னிலையில் அதே கேள்வி நாள்தோறும் நம்மை வந்தடைகிறது. அப்போது குடத்தைக் குடமென்றே கூறும் நேர்மையையும், நம்மை எதிர்ப்பவருக்காகவும் கலங்கும் நெஞ்சையும் இறைவன் நமக்கு அருள்வாராக!