ஏளனம் திருத்தம் ஆகாது

உடல் பருத்த பிள்ளைக்கு நம் வீடுகளில் பட்டப்பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. உறவினர் ‘குண்டு’ என்றழைக்க, பெற்றோரும் உடன் நகைக்கின்றனர். “வெட்கப்பட்டாவது உணவைக் குறைக்கட்டுமே” என்பது அவர்கள் கூறும் நியாயம். இது ஏற்புடையதா?

தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று எனச் சிறுவயதில் மனனம் செய்தோம். ஆகவே பருத்த உடலையே பாவத்தின் அடையாளமாகக் கருதிவிடுகிறோம். ஆனால் திருச்சபையின் மரபு அவ்வாறு கூறவில்லை. புனித தோமா அக்குவினாஸ், பெரிய கிரகோரியாரை அடியொற்றி, இப்பாவத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவு மீறுவது, பேராவலோடு விழுங்குவது, பக்குவத்தில் மிகை தேடுவது. மெலிந்தவரும் இவற்றில் விழக்கூடும். உடல் பருமனுக்கோ மரபணு, உறக்கக் குறைவு, சில மருந்துகள், வீட்டின் உணவுமுறை எனக் காரணங்கள் பல.

தோமாவே பருத்த உடலினர். உடன் பயின்றோர் அவரை ‘ஊமை எருது’ என்றனர். ஆசிரியரான புனித பெரிய ஆல்பர்ட்டோ, இந்த எருதின் குரலை உலகமே கேட்கும் என்றாராம். பின்னாளில் தோமா தம் ‘இறையியல் தொகுப்பில்’ ஏளனத்தைத் தனிப் பாவமாகவே ஆராய்ந்தார். பிறரை நாணச் செய்வதே ஏளனத்தின் நோக்கம். ஒருவரையே அற்பமாக எண்ணி அவர் குறையை நகைப்பது வசைமொழியினும் கொடியது என்பது அவர் முடிவு.

மருத்துவமும் இதற்கு முரண்படவில்லை. இத்தகைய அவமானம் பிள்ளைகளைத் தனிமைக்கும், மிகுதியாக உண்பதற்கும், மேலும் எடை கூடுவதற்கும் இட்டுச்செல்கிறது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2017-இல் எச்சரித்தது.

அப்படியாயின் வாளாவிருக்கலாமா? கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அபாயத்தை அறிந்தும் கவலையற்றிருப்பது அன்பாகாது. ஆயினும், மற்றவர் பஜ்ஜி உண்ண, ஒரு பிள்ளையின் தட்டை மட்டும் குறைப்பது தண்டனையே, திருத்தமன்று. மாற வேண்டியது குடும்பம் முழுவதும். குளிர்பானத்தை வீட்டிற்கே வாங்காதிருப்போம். கீரையும் சுண்டலும் எல்லார் தட்டிலும் இடம்பெறட்டும். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து, செபித்து, ஒன்றாக அமர்ந்து உண்போம். 5 முதல் 17 வயதுடையோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தந்தையும் உடன் ஓடியாடினால் அது பிள்ளைக்குச் சுமையாகாது.

பட்டினி போடுவதும் வேண்டாம். வளரும் பிள்ளைக்கு எது தகும் என்பதை மருத்துவர் கூறட்டும். திருச்சபைச் சட்டமும் 18 வயது நிறைந்தோரையே ஒருசந்திக்குக் கட்டுப்படுத்துகிறது. சிறுவர்க்குத் தவத்தின் உட்பொருளைக் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமும் மேய்ப்பர்களிடமும் ஒப்படைக்கிறது. பிள்ளைகள் மனம் தளருமாறு அவர்களை வதைக்கலாகாது எனப் புனித பவுலும் தந்தையர்க்கு அறிவுறுத்துகிறார் (கொலோ 3:21).

திருமுழுக்குச் சடங்கில் குரு பெற்றோரிடம் முதலில் கேட்பது, பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. அன்று ஆலய வாயிலில் நீங்கள் சொன்ன அப்பெயராலேயே உங்கள் பிள்ளையை அழையுங்கள்.