காணாதவன் சாட்சி



"நான் கண்டேன்" என்று சொல்பவரின் வார்த்தையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நாங்கள் எல்லோரும் யோசிப்பதுண்டு. "நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் காணவில்லை" என்று ஒருவர் சொன்னால் அந்த வார்த்தைக்குப் பெறுமதி உண்டா? கணக்காய்வு வேலை செய்யும் எனக்கு இது அடிக்கடி எழும் கேள்வி. இதற்கு நான் அறிந்தவற்றுள் தெளிவான விடை 2017 ஆம் ஆண்டு வானியலாளர்கள் செய்த ஒரு பெரிய விசாரணையில் கிடைத்தது. நட்சத்திரங்களைப் பற்றிய விடயம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

அந்த வருடம் ஓகஸ்ட் 17 ஆம் திகதி, 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதிய செய்தி பூமியை வந்தடைந்தது. நியூத்திரன் நட்சத்திரம் என்பது சூரியனிலும் கூடிய நிறை ஒரு நகரத்தின் அளவுக்குள் நெரிந்து கிடக்கும் பொருள். அப்படியான இரண்டு ஒன்றையொன்று சுற்றி மோதும்போது வெளியே அதிர்கிறது. அந்த அதிர்வை, அதாவது ஈர்ப்பு அலையை, அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்ற இரு இடங்களில் உள்ள லைகோ கருவிகள் பதிந்தன. 1.7 செக்கன் கழித்து, ஃபெர்மி என்ற செய்மதி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிந்தது. ஒன்று வெளியின் அதிர்வைக் கேட்கும் கருவி, மற்றது ஒளியின் ஒரு வகையைப் பார்க்கும் கருவி. ஒன்றின் தவறு மற்றதற்குத் தொற்ற வழியில்லை. இப்படி வெவ்வேறு தூதர் கொண்டுவரும் செய்திகளை ஒன்றுசேர்த்துப் படிப்பதைப் பல்தூது வானியல் என்று சொல்லலாம்.

இவ்வளவும் கண்டவர்களின் சாட்சி. இனிக் காணாதவர்களிடம் வருவோம்.

இத்தாலியில் பீசா நகருக்கு அருகே விர்கோ என்ற மூன்றாவது ஈர்ப்பு அலைக் கருவி இருக்கிறது. லைகோவுடன் சேர்ந்து அது வேலை தொடங்கி அப்போது இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அதன் பதிவில் அந்த அலை இருந்ததும் இல்லாததும் ஒன்றுபோல. புதுக் கருவி, சரியாக வேலை செய்யவில்லை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் விஞ்ஞானிகள் வேறு விதமாகக் கேட்டார்கள்: கருவி விழித்திருந்ததா? ஆம். இந்தப் பலத்தில் வந்த அலையை அது கேட்கக்கூடியதா? ஆம். அப்படியானால் ஏன் கேட்கவில்லை? இவ்வகைக் கருவி ஒவ்வொன்றுக்கும் சில திசைகள் செவிட்டுத் திசைகள். ஆகவே அலை விர்கோவின் செவிட்டுத் திசையை ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும். அந்த மௌனத்தைக் கணக்கில் சேர்த்ததும் தேட வேண்டிய வானம் சுமார் 28 சதுர பாகையாகச் சுருங்கியது. சிலி நாட்டில் இரவு வந்ததும், மோதலுக்குச் சுமார் 11 மணித்தியாலத்தின் பின், லாஸ் கம்பனாஸ் மலையில் ஸ்வோப் என்ற ஒரு மீற்றர்த் தொலைநோக்கி என்.ஜி.சி 4993 என்ற விண்மீன் திரளில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டது.

அடுத்தது எக்ஸ் கதிர். எமது வளிமண்டலம் எக்ஸ் கதிரைக் கீழே விடாது, அதனால் அதைப் பார்க்கும் தொலைநோக்கிகள் விண்வெளியில்தான் இருக்க வேண்டும். காமா வெடிப்பு நடந்தால் பின்னால் எக்ஸ் கதிர் ஒளிர்வது வழமை. ஸ்விஃப்ட் பார்த்தது, நூஸ்டார் பார்த்தது. எக்ஸ் கதிர் இல்லை. இரண்டு நாள் கழித்து, இவ்வகையில் மிகக் கூர்மையான பார்வையுள்ள சந்திரா பார்த்தது. அதுவும் ஒன்றும் காணவில்லை. இத்தனை மங்கலான ஒளி இருந்திருந்தாலும் கண்டிருப்போம், காணவில்லை என்று எழுதிவைத்தார்கள். ஒன்பதாம் நாள் சந்திரா திரும்பவும் பார்த்தபோது அதே இடத்தில் மெல்லிய எக்ஸ் கதிர் இருந்தது. பதினாறாம் நாள் ரேடியோ அலையும் வந்தது. எக்ஸ் கதிர் மங்காமல் மாதக்கணக்காகக் கூடிக்கொண்டே போனது.

காரணம் இதுதான். மோதலில் இருந்து பீறிட்ட தாரை எங்களை நோக்கி வரவில்லை, சற்று விலகிப் போனது. எதிரே வரும் வாகனத்தின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். குறுக்குத் தெருவில் போகும் வாகனத்தின் விளக்கு எங்கள் பக்கம் படாது. தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதி வேகம் குறையக் குறைய அதன் வெளிச்சம் அகன்று, பிந்தி எங்களை வந்தடைந்தது. தாரை சாய்ந்திருந்தது என்பதற்கு முதற் சாட்சிகளுள் ஒன்று இரண்டாம் நாள் எழுதிவைத்த அந்த "இல்லை". தென்துருவப் பனிக்கட்டிக்குள் நியூத்திரினோ தேடியவர்களும் தாங்கள் ஒன்றும் காணவில்லை என்று கட்டுரை வெளியிட்டார்கள். வெறுங்கையோடு வந்து கையொப்பம் வைப்பதற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

ஆனால் எல்லா மௌனமும் சாட்சி ஆகாது. செப்ரெம்பர் மாத ஆரம்பத்தில் இருந்து டிசம்பர் வரை அந்த இடம் சூரியனுக்குக் கிட்ட இருந்தபடியால் சந்திராவால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. அந்த மூன்று மாதமும் பதிவு வெறுமை. அந்த நாட்களில் எக்ஸ் கதிர் இல்லை என்று எவரும் எழுதவில்லை. டிசம்பரில் பார்த்தபோது அது முன்னரிலும் பிரகாசமாக இருந்தது.

எங்கள் தொழிலிலும் இந்த வேறுபாடு உண்டு. ஒரு நிறுவனத்தின் கடன்பட்டோருக்குக் கணக்காய்வாளர் நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்பார். "எனக்கு அப்படி ஒரு கடன் இல்லை" என்று வரும் பதில் ஒரு சான்று. பதிலே வராதது சான்று அல்ல. முதல் வருடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுக்கும்.

இது விளங்காமற் போனால் என்ன நடக்கும் என்பது எம்மவர் பலருக்குத் தெரியும். நானும் எனது மைத்துனரும் ஒரே இரவில், ஒரே லொறியில் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். அவர் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பின்னால் படங்குக்குக் கீழே கிடந்தேன். பின்னர் அகதி விண்ணப்ப விசாரணையில், வழியில் எத்தனை இடத்தில் மறித்தார்கள் என்று எங்களைத் தனித்தனியே கேட்டார்கள். அவர் மூன்று என்றார், நான் இரண்டு என்றேன். முரண்பாடு என்று எழுதினார்கள். நிறுத்தாமற் கைகாட்டி அனுப்பிய ஒரு சாவடி படங்குக்குக் கீழே கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்? இருவரும் மூன்று என்று சொல்லியிருந்தால் அல்லவா சந்தேகம் வரவேண்டும்! நாங்கள் சொன்ன குண்டுவீச்சு அந்தக் கிழமைப் பத்திரிகை எதிலும் இல்லை என்றும் சொன்னார்கள். பத்திரிகைக்காரர் எவரும் அந்தப் பக்கம் போக முடியாதிருந்த கிழமை அது. சூரியனுக்குப் பின்னால் நின்ற மூன்று மாதத்தை, "பார்த்தோம், இல்லை" என்று எண்ணிவிட்டார்கள். மேன்முறையீட்டில் சரிவந்தது, இரண்டு வருடம் போனது.

அந்த அதிகாரியில் எனக்குக் கோபமில்லை. எல்லோரையும் நம்பிவிட அவரால் முடியாது, அவருக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்ப்பது பிழையான அளவுகோல். சாட்சி எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார், நடந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்ட பிறகுதான் அவர் சொன்னதை நிறுக்க வேண்டும். எங்களுக்குள்ளேயும் இதே குறை இருக்கிறது. ஊரில் இருந்து வரும் ஒரு தொலைபேசிச் செய்தி இரவுக்குள் பத்து வீட்டுக்குப் போய், அடுத்த நாள் பத்துப் பேர் சொன்ன செய்தியாகக் கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுகிறது. அது பத்துச் சாட்சி அல்ல, ஒன்று.

சந்திரா என்ற பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைத்து வைத்தது. தமிழ்க் குடும்பத்தில் 1910 இல் லாகூரில் பிறந்தவர் என்று நாங்கள் பெருமைப்படுகிறோம், அது நியாயம்தான். ஆனால் 1935 ஜனவரியில், லண்டனில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் நடந்ததையும் நினைக்க வேண்டும். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஒன்று வெண்குள்ளனாக நிலைத்திருக்க ஒரு நிறை எல்லை உண்டு என்ற இளைஞரின் முடிவை, பேரறிஞர் எடிங்டன் சபையில் வைத்தே எள்ளி நிராகரித்தார். கணக்குச் சரி என்று தனியே அவரிடம் ஒப்புக்கொண்டவர்கள் வெளியில் வாய் திறக்கவில்லை. கருவிக்குச் செவிட்டுத் திசை இருக்கலாம், அதில் குற்றமில்லை. இவர்கள் கேட்டும் பேசாதவர்கள். 1983 இல் நோபல் பரிசு கிடைக்கும்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று.

2017 மோதலின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. மூன்றரை வருடம் கழித்தும் சந்திரா அந்த இடத்தில், தாரையின் கணக்குப்படி இருக்க வேண்டியதிலும் கூடிய எக்ஸ் கதிரைக் கண்டது. ரேடியோத் தொலைநோக்கிகள் அதே இடத்தைப் பார்த்தன. அவற்றில் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. மோதலில் சிதறிய பொருள் இப்போதுதான் சூழவுள்ள வாயுவில் மோதுகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் பிறந்த கருந்துளைக்குள் ஏதோ விழுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். கண்டவரின் பதிவும் காணாதவரின் பதிவும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன.