அன்னாள் தைத்த சின்னச் சட்டை



ஆகமன காலம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் துணிமணியைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. சேலம் கடைவீதிக்குப் போவதா, ஈரோட்டுச் சந்தைக்குப் போவதா, மூத்தவனுக்கு எத்தனை ரூபாய், இளையவளுக்கு எத்தனை ரூபாய், கையிலிருப்பது போதுமா, போதாததற்கு யாரிடம் கேட்பது என்று இரவு வெகு நேரம் கணக்கு நடக்கிறது. கர்த்தர் பிறந்த திருநாளன்று தங்கள் பிள்ளை புதுச்சட்டை உடுத்திக் கோவிலுக்கு வரவேண்டுமென்று தாய் தகப்பன் ஆசைப்படுவதில் குற்றமில்லை. அது நல்ல ஆசையே. ஆனால் அந்த ஆசையை எந்த வழியாய் நிறைவேற்றுகிறோம் என்பதில் புண்ணியத்துக்கும் வாசலுண்டு, பாவத்துக்கும் வாசலுண்டு. ஆகையால் இந்த வாரம் வேதாகமத்திலே சொல்லப்பட்ட ஒரு சின்னச் சட்டையைப் பற்றி உங்களோடு பேசுவோம்.

சாமுவேல் ஆகமம் முதற் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் அது வருகிறது. வெகு காலம் பிள்ளையில்லாமல் அழுதவள் அன்னாள். சர்வேசுரன் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளையைத் தந்தருளினார். தான் நேர்ந்துகொண்டபடியே அந்தப் பிள்ளை பால் மறந்தபின் அவனைச் சீலோவிலுள்ள தேவ ஆலயத்தில் ஏலி என்னும் குருவினிடத்தில் ஒப்படைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை புருஷனோடு பலி செலுத்தப் போகும்போதுதான் மகனைக் காண்பாள். அப்படிப் போகும்போதெல்லாம் அவனுக்கென்று ஒரு சின்ன அங்கியைத் தன் கையால் செய்து எடுத்துக்கொண்டு போவாள். ஒரே ஒரு வசனம்தான். ஆனாலும் சாமுவேல் பெரிய தீர்க்கதரிசியாகி அரசர்களை அபிஷேகம் செய்ததை எழுதின அதே புத்தகம், அவன் தாய் தைத்த சட்டையையும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. அதிலிருந்து நாம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, அளவு.

சட்டை தைக்கிறவள் முதலில் பிள்ளையை அளக்கவேண்டும். அன்னாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பிள்ளை வெகு தூரத்தில் இருந்தான். போன வருஷம் தன் இடுப்பளவு நின்றவன் இந்த வருஷம் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று அவள் மனதிலேதான் அளந்திருக்கவேண்டும். அண்டை வீட்டில் அவன் வயதுப் பையனைக் கண்டால் உற்றுப் பார்த்திருப்பாள் என்று நாம் நினைக்கலாம். வருஷம் முழுவதும் பிள்ளையை நினைவில் சுமந்தவளுக்கே அந்த அளவு தெரியும்.

நம் சீமையிலும் பிள்ளையைத் தூரத்தில் வைத்திருக்கிற பெற்றோர் அநேகர். விடுதியில் விட்டுப் படிக்க வைக்கிறவர்கள் உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரி ஓட்டுநர்கள் வீட்டுக்கு வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்; அது விழிக்கும்முன் வண்டி புறப்பட்டுவிடும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறியில் இரவு முறைக்குப் போகிற தாய்மார் உண்டு. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்காகத்தானே அந்தப் பிரயாசை! ஆனாலும் ஒரு கேள்வியை உங்களுக்குள்ளே கேட்டுப் பாருங்கள். உங்கள் மகளுடைய தோளளவு இன்றைக்கு எத்தனை அங்குலம்? அவள் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறாள்? எதைக் கண்டு பயப்படுகிறாள்? இவை தெரியாமல் விலையுயர்ந்த சட்டை வாங்கிக் கொடுத்தால், அதைப் போட்டுப் பார்க்கும்போது தோள் சரியாயிருந்தாலும் வேறொன்று சரியில்லாமல் போகும்.

ஆகையால் இந்த ஆகமன காலத்தில் ஒரு நாள் பிள்ளையை அருகில் நிறுத்தி, அளவு நாடா இல்லாவிட்டால் ஒரு நூற்கயிற்றை எடுத்து, தோள், மார்பு, கை, உயரம் என்று அளந்து முடிச்சிடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளை தானாகவே ஆயிரம் கதை சொல்லும். மேலில் ஒரு காயமோ கன்றிப்போன தழும்போ இருந்தால் அதுவும் கண்ணில் படும். அது எப்படி வந்தது, யாரால் வந்தது என்று அதட்டாமல் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வருஷத்துச் சட்டை இந்த வருஷமும் அப்படியே பொருந்துகிறதென்றால், காசு மிச்சமாயிற்று என்று மகிழ வேண்டாம். பிள்ளை வளரவில்லை என்று அந்தச் சட்டை உங்களுக்குச் சொல்லுகிறது. உடனே அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கொண்டுபோய் எடையும் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள். இதுவும் தாயின் கடமை, தகப்பனின் கடமை.

இரண்டாவது, நியாயம்.

அன்னாள் தன் வீட்டிலுள்ளதைக் கொண்டு தன் கையால் செய்தாள். அந்த அங்கிக்காக யாருக்கும் கடன்பட்டதாகச் சொல்லப்படவில்லை. நம்மிலோ திருநாளுக்குத் துணி எடுக்க வட்டிக்கு வாங்கி, தை மாசத்திலும் மாசியிலும் வாராவாரம் தவணை கட்ட வழியின்றித் தவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளுகிற தகப்பனைப் பிள்ளை பார்க்கிறது. அந்தப் புதுச்சட்டையால் அதற்கு என்ன சந்தோஷம் மிஞ்சும்? பெத்லகேமில் தேவமாதா தம் திருக்குமாரனுக்குத் துணிகளைச் சுற்றி முன்னணையில் கிடத்தினார்கள் என்றுதான் லூக்காஸ் சுவிசேஷம் சொல்லுகிறது. பட்டுத் துணி என்று சொல்லவில்லை. நம் தாய்மாரும் பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழஞ்சேலையைத்தான் தேடி எடுக்கிறார்கள். துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன அந்தத் துணியில்தான் குழந்தையின் மேல் உறுத்தாது. தூளி கட்டுவதும் அதிலேதான். ஏழைக்கும் செல்வனுக்கும் அதுதான் முதல் உடுப்பு.

நியாயத்தில் இன்னொரு பங்கும் உண்டு. பிதாப்பிதாவாகிய யாக்கோபு தம் பன்னிரண்டு குமாரரில் சூசைக்கு மாத்திரம் அலங்கார அங்கி செய்து கொடுத்தார். அதைக் கண்ட சகோதரர் மனதில் பொறாமை மூண்டது. அவனை விற்றுப்போட்டு, அதே அங்கியை இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் அனுப்பினார்கள். ஆண்பிள்ளைக்கு ஒரு தரம், பெண்பிள்ளைக்கு ஒரு தரம். சிவப்பாயிருக்கிறவளுக்கு நல்லது, கறுப்பாயிருக்கிறவளுக்கு ஏதோ ஒன்று. தாயில்லாமல் நம் வீட்டில் வளருகிற தங்கை மகளுக்கு மற்றவர்கள் போட்டுக் கழித்தது. இப்படிச் செய்கிற வீட்டில் திருநாளன்றே பகை விதைக்கப்படுகிறது. ஒரே துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெட்டித் தைக்கிற ஏழைத்தாய் அந்தப் பொல்லாப்புக்கு இடம்கொடாமல் இருக்கிறாள்.

நாம் நெசவுச் சீமையில் வாழுகிறவர்கள் என்பதையும் மறக்கலாகாது. இளம்பிள்ளைச் சேலையும், இராசிபுரத்துப் பட்டும், சேலத்து வெண்பட்டு வேட்டியும் பேர் பெற்றவை. பாவு ஓட்டுகிறவர், கஞ்சி போடுகிறவர், தார் சுற்றுகிறவர், நெய்கிறவர், சாயமிடுகிறவர், கடைசியில் தைக்கிறவர் என்று எத்தனை பேர் கை பட்டு ஒரு சட்டை உண்டாகிறது! அவர்களில் சிலர் நம் பக்கத்து வரிசையில் பூசை காண்கிறவர்கள். தையற்காரம்மாளிடம் கூலியில் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று பேசிக்கொள்ளாதேயுங்கள். வேலையாளுக்குப் பிடித்துவைத்த கூலி சர்வேசுரனை நோக்கி முறையிடுகிறதென்று அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கிறார்.

மூன்றாவது, பிறர் பிள்ளை.

அப்போஸ்தலர் நடபடியில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் என்பவளை அறிவீர்கள். அவள் வியாதியாய் இறந்துபோனாள். அர்ச். இராயப்பர் வந்தபோது விதவைகள் அழுதுகொண்டு சூழ நின்று, அவள் உயிரோடிருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் மேலாடைகளையும் எடுத்துக் காண்பித்தார்கள். அவளைப் புகழ்ந்து பேச அவர்களுக்கு வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை. இராயப்பர் முழந்தாளிட்டு ஜெபித்தார், அவள் எழுந்தாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தபீத்தாள் அந்த விதவைகளுக்கென்றே செய்தாள். தான் கழித்ததை மூட்டை கட்டி அனுப்பினாள் என்று எழுதியிருக்கவில்லை. நாம் தர்மத்துக்கென்று கொண்டுவரும் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? பொத்தான் அறுந்தது, பல்சக்கர இழுப்பு உடைந்தது, கறை போகாதது. தன் பிள்ளைக்குப் போடக் கூசுகிறதை ஏழைப்பிள்ளைக்குப் போடலாமென்று யார் நமக்குச் சொன்னது? பழந்துணி கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் துவைத்து, கிழிசலைத் தைத்து, பொத்தான் வைத்து, மடித்துக் கொடுங்கள். தைக்க முடியாதபடி நைந்துபோனதை நாலு சதுரமாய் வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துப் போர்வையாக்கலாம்.

மேலும் அந்தப் பிள்ளையையும் அளந்து தையுங்கள். தர்மச் சட்டை என்பது பெரும்பாலும் தோள் வழிந்து தொங்குவதால்தான் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அதுபோலவே, மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் துணியைக் கொடுத்துப் படம் பிடித்து, அதைக் கைப்பேசியில் எல்லாருக்கும் அனுப்புகிற வழக்கம் இந்நாளில் பெருகியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் வெட்கத்தை விலையாகக் கொடுத்து நம் பேரை நாம் வாங்கலாமா? வலது கை செய்வதை இடது கை அறியவேண்டாமென்று நம் ஆண்டவர் கற்பித்தது இதற்காகத்தான். மாலை மங்கினபின் அவர்கள் வீட்டுக்கே போய்த் தாயின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். திருநாள் காலையில் அந்தத் தாயே தன் பிள்ளைக்கு அதை உடுத்தி விடட்டும்.

நம் பகுதியிலுள்ள செங்கற்சூளைகளிலும், கோழிப்பண்ணைகளிலும், ஆலைகளிலும் ஒடிசா, பீகார் முதலிய வடதேசங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளின் பாஷை நமக்குத் தெரியாது. ஒரு துணிப் பொம்மைக்குப் பாஷை வேண்டியதில்லை.

சிலர் கேட்பார்கள்: “சுவாமி, கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஆயத்தச் சட்டை கிடைக்கும்போது வீட்டில் உட்கார்ந்து யார் தைப்பார்கள்?” நியாயமான கேள்வி. எல்லாரும் தைத்தேயாகவேண்டுமென்று திருச்சபை கட்டளையிடவில்லை. நேரமில்லாதவர்கள் கடையிலேயே வாங்குங்கள். ஆனால் ஒரு சின்னக் காரியத்தையாவது உங்கள் கையால் சேருங்கள்: ஒரு கைக்குட்டையின் ஓரத்தில் பிள்ளையின் பேரெழுத்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு துணிப் பை. தைக்கத் தெரிந்த ஆண்களும் நம் ஊரில் உண்டு. தகப்பன் தைத்தால் பிள்ளைக்கு அது இன்னும் அதிசயமாயிருக்கும்.

தைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். கீழ் ஓரத்தில் இரண்டு விரற்கடை மடிப்பும் பக்கத் தையலில் சற்றுத் துணியும் விட்டுத் தையுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். கைக்குழந்தையின் சட்டையில் கழுத்தைச் சுற்றி நீண்ட நாடா வைக்க வேண்டாம், இறுகிக்கொள்ளும். சிறு பொத்தான், மணி, சமிக்கி இவற்றைக் குழந்தை பிடுங்கி விழுங்கிவிடும். ஆகையால் துணிப் பொம்மைக்குக் கண்ணும் வாயும் நூலாலேயே தையுங்கள். உள்ளே அடைக்கச் சுத்தமான பஞ்சோ வெட்டுத்துணியோ போதும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுத்து வையுங்கள்.

1930-ம் ஆண்டில் ஏற்பட்ட நம் சேலம் மேற்றிராசனத்தின் பேராலயம் குழந்தை சேசுவின் திருப்பேரால் விளங்குகிறது. குழந்தை சேசு பக்திக்குப் பேர்போன பிராகா நகரத்துச் சுரூபத்தை, பொலிக்சேனா என்னும் சீமாட்டி 1628-ல் அங்கிருந்த கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தாள். அதற்குப் பக்தர்கள் ஆடை செய்து சாத்துவது இன்றளவும் வழக்கம். 1743-ல் மரிய தெரேசா மகாராணியார் காணிக்கையாக்கிய அங்கியை அவர் தம் கையாலேயே தைத்தாரென்று சொல்லுவார்கள். அரசாங்கத்தைச் சுமந்தவரும் ஒரு குழந்தைக்காக ஊசி பிடிப்பதைத் தாழ்வாக எண்ணவில்லை. அந்தச் சுரூபம் வளராது. ஒரே அளவில் எத்தனை அங்கியும் தைக்கலாம். ஆனால் சுரூபம் யாரைக் குறிக்கிறதோ அவர், ஆடையில்லாத சின்னஞ்சிறியவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்வேன் என்று திருவுளம்பற்றியிருக்கிறார். அந்தச் சின்னஞ்சிறியவனோ வருஷத்துக்கு வருஷம் வளருகிறான். அவனுக்கு ஒருமுறை கொடுத்தால் போதாது. அன்னாளைப்போல ஒவ்வொரு வருஷமும் புதிதாய் அளக்கவேண்டும்.

ஆகையால் பிரியமானவர்களே, திருநாளுக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நூற்கயிறுகளில் முடிச்சு விழட்டும்: ஒன்று உங்கள் பிள்ளையின் அளவு, மற்றொன்று உடுத்தக் கொடுக்க ஒருவருமில்லாத வேறொரு பிள்ளையின் அளவு. தைக்கும்போது ஒரு மணி ஜெபமாலை சொல்லுங்கள்; தையலும் நேராய் வரும், மனமும் நேராய் வரும். நாசரேத்தூரில் தம் திருமகனுக்கு உடுப்புச் செய்த தேவமாதா உங்கள் கைகளை ஆசீர்வதிப்பார்களாக. ஆமென்.